சித்தப்பா, உங்கள் கையெழுத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போன வாரம் போனில் நீங்கள் சொன்னது மனதைவிட்டுப் போகவே இல்லை. "ரிட்டயர் ஆகி எட்டு மாசம் ஆச்சும்மா. பேப்பரை வரி விடாமப் படிச்சு முடிச்சாலும் மணி ஒம்பதுதான் ஆகுது. நாலு பேருக்கு உபயோகமா ஏதாவது செய்யலாம்னா கையில காசில்ல, உடம்புல தெம்பில்ல, ஒரு டிகிரிகூட இல்ல. என்னைய வச்சு யாரு என்ன பண்ணுவாங்க?" என்றீர்கள். நான் அப்போது பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். உங்களைப் போலவே யோசித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இன்னும் பல சித்தப்பாக்களும் அத்தைகளும் இருப்பார்கள் என்பதால், எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

முதலில் அந்த டிகிரி விஷயத்தைப் பேசிவிடலாம்.

மூன்று வருடங்களாக நான் திருச்சியில் பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கிறேன். அவர்கள் வாயால் சொல்லச் சொல்ல, விடைத்தாளில் எழுதும் வேலை. அறிவிப்புகளில் 'சொல்வதை எழுதுபவர்' என்று போடுவார்கள். மாணவர்கள் சுருக்கமாக ஸ்கிரைப் என்பார்கள். இதற்கு ஒரு விதி உண்டு: எழுதுபவரின் படிப்பு, தேர்வு எழுதும் மாணவரின் படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும். எவ்வளவு குறைவாக என்பது தேர்வுக்குத் தேர்வு மாறும். நான் பி.எஸ்சி. முடித்துவிட்டதால் எம்.ஏ. மாணவர்களுக்குத்தான் எழுத முடிகிறது. பி.ஏ. படிக்கும் பிள்ளைகள் கேட்கும்போது மறுக்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு எழுத, பிளஸ் டூவோடு நிறுத்தியவர் வேண்டும். தமிழைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். வேலைநாளில், பகலில், நான்கு மணி நேரம் ஒதுக்கக்கூடியவராகவும் இருக்க வேண்டும். கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைக் கேட்கலாம் என்றால் அவர்களுக்கும் அதே வாரத்தில்தான் தேர்வு நடக்கும். இந்த மூன்றும் சேர்ந்த ஆளைத் தேடி ஒவ்வொரு செமஸ்டரிலும் அலைகிறார்கள், சித்தப்பா.

1982-ல் பிளஸ் டூ முடித்து, தாத்தா போன பிறகு குடும்பத்துக்காகச் சங்கத்தில் எழுத்தர் வேலைக்குப் போனீர்களே, பட்டம் வாங்க முடியவில்லை என்று இத்தனை வருடம் நினைத்து நினைத்து வருந்துகிறீர்களே, அந்தப் பிளஸ் டூதான் இங்கே கேட்கும் தகுதி.

உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். சாதாரணமாக 3 மணி நேரத் தேர்வு என்றால் இவர்களுக்கு 4 மணி நேரம். மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் இருக்கிறது. தனி அறையிலோ, ஹாலின் ஓர் ஓரத்திலோ உட்கார வைப்பார்கள். முதலில் வினாத்தாளை முழுக்க வாசித்துக் காட்ட வேண்டும். சிலர் இரண்டு தடவை கேட்பார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். அந்த நேரத்தில் நாமும் பேசாமல் இருக்க வேண்டும். அவர்களுக்கு விடைத்தாளே மனசுதான். முழு பதிலையும் அங்கே அடுக்கிவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். திறந்தால் நிற்க மாட்டார்கள். "பத்தி மாத்துங்க", "இதுக்கு அடியில கோடு போடுங்க", "கடைசி வரியைப் படிச்சுக் காட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். முதல் நாள் எனக்குக் கட்டைவிரல் வீங்கிவிட்டது.

அந்த முதல் நாளில்தான் ஒரு பெரிய சங்கடம் வந்தது. வரலாற்றுத் தேர்வு. அந்தப் பெண் வேலூர்ப் புரட்சியைப் பற்றி அருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், வருடத்தை 1809 என்று சொல்லிவிட்டாள். 1806 என்று எனக்குத் தெரியும். பேனா நின்றுவிட்டது. ஒரே ஓர் எண். மாற்றி எழுதினால் யாருக்கும் தெரியாது. அவள் என் அமைதியைக் கவனித்துவிட்டு, "என்னக்கா, எதுவும் தப்பா?" என்றாள். "இல்லம்மா, எழுதிக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு 1809 என்றே எழுதினேன். வெளியே வந்து டீ குடிக்கும்போது அவளே, "அய்யய்யோ, ஆறுன்னுல்ல சொல்லியிருக்கணும்" என்று தலையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். சொன்னதை மட்டும் எழுதுவது, ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் எழுதுவது, எவ்வளவு பெரிய மரியாதை என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அது அவளுடைய தேர்வு. தப்பும் அவளுடையதாக இருக்கத்தான் வேண்டும்.

அதே பெண் இன்னொன்றும் சொன்னாள். அதற்கு முந்தைய செமஸ்டரில் வருவதாக ஒப்புக்கொண்டவர் தேர்வன்று காலையில் போனை அணைத்து வைத்துவிட்டாராம். வராந்தாவில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறாள். கடைசியில் அலுவலகத்திலிருந்து யாரையோ பிடித்து உட்கார வைத்தார்கள். அவருக்குத் தமிழ் எழுதவே தடுமாற்றம். அந்தப் பாடத்தில் அரியர். படித்திருந்தும் அரியர். அந்த முக்கால் மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவர் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். ஏதோ வேலை வந்திருக்கும், 'சும்மா செய்யும் உதவிதானே' என்று நினைத்திருப்பார். சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்குத் தாமதமானால் ஒரு நாள் சம்பளம் போகும். இங்கே இன்னொருவருடைய ஆறு மாதம் போகிறது. 38 வருடத்தில் ஒரு நாள்கூட 7.10 பஸ்ஸைத் தவறவிடாத உங்களிடம் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பார்வையற்றவர்களுக்கு மட்டும்தான் இந்த வசதி என்று பலர் நினைக்கிறார்கள். எழுதும்போது கை இறுகிப்போகும் பாதிப்பு உள்ள ஒருவர், 40 சதவீத ஊனம் இல்லை என்று காரணம் காட்டி மறுக்கப்பட்டபோது வழக்குப் போட்டார். அவருக்கும் உதவியாளர் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நம் ஊர்ப் பள்ளியிலோ கல்லூரியிலோ அப்படி எந்தப் பிள்ளையாவது எழுத முடியாமல் திணறினால் சொல்லிவையுங்கள். பெற்றோருக்கே இது தெரிந்திருக்காது.

தேர்வு வருடம் முழுக்க இருக்காது. மற்ற நாட்களுக்கு உங்களுக்கு இன்னும் பொருத்தமான வேலை ஒன்று வைத்திருக்கிறேன். விக்கிமூலம் என்று இணையத்தில் ஒரு நூலகம் இருக்கிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட தமிழ்ப் புத்தகங்கள் ஏராளமாக அங்கே ஏறியிருக்கின்றன. பக்கங்களைப் படமெடுத்து, கணினியே எழுத்தாக மாற்றிவைத்திருக்கிறது. ஆனால் கணினி 'ன'வையும் 'ள'வையும் குழப்பும், புள்ளியை விழுங்கும், அடிக்குறிப்பைக் கொண்டுபோய்ப் பத்திக்கு நடுவில் சொருகும். மனிதக் கண் ஒன்று பக்கத்தில் படத்தை வைத்துக்கொண்டு வரிவரியாகத் திருத்த வேண்டும். யாரும் தொடாத பக்கம் சிவப்பில் இருக்கும். ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள். இரண்டாவது ஆள் சரிபார்த்தால் பச்சை. தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவர் நீங்கள். சங்கத்து லெட்ஜரில் நாலணா உதைத்தால் ராத்திரி தூங்காதவர். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் பார்த்தால் போதும். தம்பி தன் பழைய லேப்டாப்பைத் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இதற்கும் அந்தப் பெண்ணுக்கும் தொடர்பு இருக்கிறது. பார்வையற்றவர்கள் பலர் போனிலும் கணினியிலும் இருக்கும், திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானைக் கொண்டு படிக்கிறார்கள். புத்தகம் வெறும் படமாக இருந்தால் அது வாயே திறக்காது. பழைய எழுத்துருவில் அடித்த கோப்பாக இருந்தால் உளறும். நீங்கள் பச்சையாக்கும் ஒவ்வொரு பக்கமும் அவர்கள் காதுக்குக் கேட்கும் பக்கம். இதெல்லாம் தெரியாமல், போன வருடம் வரை நான் ஒவ்வொரு புத்தகத்தையும் என் குரலில் பதிவுசெய்து அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போதும் அட்டவணையும் வரைபடமும் உள்ள பாடங்களை மட்டும் வாசித்துத்தான் அனுப்புகிறேன். அதற்கு ஆள் வேண்டும். உங்களுடைய பேப்பர் வாசிக்கும் குரல் தெருமுனை வரை கேட்கும் என்று சித்தி புலம்புவார்களே, அந்தக் குரல் கொஞ்சம் அடக்கமாக வந்தால் போதும்.

அப்புறம் மனு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலில் குறைதீர்க்கும் நாளுக்கு வரும் கூட்டத்தை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். முதியோர் பென்சன் நின்றுபோன பாட்டி, பட்டா மாறாத விவசாயி, எல்லோரும் காசு கொடுத்துத்தான் மனு எழுதி வாங்குகிறார்கள். எழுதுகிறவர்களுக்கும் அது பிழைப்பு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கே போய் நீங்கள் போட்டிக்கு உட்கார வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நம் ஊர்க்காரர்களுக்கு எழுதிக் கொடுங்கள். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை, முன்பு கொடுத்த மனுவின் எண், நகல் ஒன்று கையில். இது உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு 10 ரூபாய்தான் கட்டணம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டால், அதை எழுத்தாக்க அந்த அலுவலரே உதவ வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. நம் ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கிராம சபையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் உங்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. "கையெழுத்து வாங்கிட்டு டீ குடுத்து அனுப்பிடுவாங்க" என்பீர்கள். பல ஊர்களில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் 2024 நவம்பர் 23 அன்று மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் கிராம சபையில் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். அதற்கு மேல் எத்தனையோ போராட்டம், நடைபயணம், சட்டமன்றத் தீர்மானம் எல்லாம் நடந்தது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டுமே அதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் என்ன சொன்னது என்பதற்குத் தேதியோடு ஒரு தாள் இருந்தது. நம் ஊரில் ஜனவரி, மார்ச், மே, ஆகஸ்ட், அக்டோபர், நவம்பர் என்று வருடத்தில் ஆறு முறை சபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோரும் அதன் உறுப்பினர்கள். தீர்மானம் முழு வாசகமாகப் பதிவேட்டில் ஏறும்வரை பக்கத்திலேயே நின்று, அதைச் சத்தமாக வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து என்று சொல்ல ஓர் ஆள் போதும்.

"என்னைய வச்சு யாரு என்ன பண்ணுவாங்க" என்றீர்கள் அல்லவா? எனக்கு ஆறு வயது. 1991. புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க, பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத் தரும் அறிவொளி இயக்கம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். ஆபீஸ் முடிந்து வந்து, முகம் கழுவி, அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு நீங்கள் மாரியம்மன் கோயில் திண்ணைக்குப் போவீர்கள். கல்லு உடைத்துவிட்டு வந்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நானும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அறிவொளியோடு சேர்ந்து பெண்கள் சைக்கிள் பழகிய வருடம் அது. அம்மா உங்கள் சைக்கிளில்தான் பழகினார்கள், முட்டி இரண்டும் தேய்ந்து. அப்பாயி ரேஷன் கடையில் கைநாட்டு வைக்காமல் தன் பேரை எழுதிவிட்டு வந்த அன்றைக்கு நீங்கள் வாங்கிவந்த அல்வா இன்னும் நாக்கில் இருக்கிறது. அப்போதும் உங்களிடம் டிகிரி கிடையாது. காசும் கிடையாது.

வருகிற ஞாயிறு காலை வண்டியில் வருகிறேன். நவம்பர் செமஸ்டருக்கு பி.ஏ. தமிழ் படிக்கும் ஒரு பையனுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. ஐந்து தேர்வு, எல்லாம் காலை நேரம், புதுக்கோட்டையிலேயே. உங்களைப் பற்றி அவனிடம் சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "சார் கையெழுத்து எப்படி இருக்கும்?" என்பதுதான். அப்பா இறந்தபோது நீங்கள் எனக்கு எழுதிய இன்லேண்ட் கடிதத்தை இன்னமும் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டேதான் அவனுக்குப் பதில் சொன்னேன்.

சித்தியிடம் சொல்லிவையுங்கள். மதியச் சாப்பாடு அங்கேதான்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்