அரசாங்கக் கப்பலும் ஆம்பூர்ச் சரக்கும்

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். பாலாற்றில் இந்த வருஷம் தண்ணீர் ஓடியதைப் பார்க்க நீ இல்லையே என்று இருந்தது.

போர் இல்லாத காலத்தில் இன்னொரு நாட்டு அரசின் கப்பலைப் பிடிக்கலாமா என்று கேட்டிருந்தாய். கப்பல் யாருடையது என்பதைவிட, அது என்ன வேலை செய்கிறது என்பதே முக்கியம்.

போர்க்கப்பலைத் தொடவே கூடாது. 2012 அக்டோபரில் அர்ஜென்டினா கடற்படையின் 'லிபர்டாட்' என்ற கப்பல் கானாவின் டெமா துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. 2001இல் அர்ஜென்டினா கைவிரித்த கடன் பத்திரங்களை வைத்திருந்த முதலீட்டு நிறுவனம் அங்கே கோர்ட் உத்தரவு வாங்கிவிட்டது. விலக்குரிமை, அதாவது 'அயல்நாட்டு அரசு என்பதால் எங்கள்மேல் உங்கள் கோர்ட் கைவைக்கக் கூடாது' என்ற உரிமை, கோரமாட்டோம் என்று பத்திரத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே என்றார் நீதிபதி. கடன் நிஜம்தான். ஆனால் நவம்பரில் துறைமுகத்தார் பலவந்தமாக ஏறிக் கப்பலை நகர்த்தப் பார்த்தார்கள், மாலுமிகள் ஆயுதத்தோடு மறித்தார்கள். ஒரு குண்டு வெடித்திருந்தால்? ஹாம்பர்க்கிலுள்ள கடல் சட்டத் தீர்ப்பாயம் டிசம்பர் 15 அன்று, நிபந்தனையின்றி விடுவிக்கச் சொன்னது. அதுதான் சரி.

வியாபாரத்தில் இறங்கிய அரசுக் கப்பலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 1973இல் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், அங்கே சர்க்கரை கொண்டுபோகக் கியூபா அனுப்பிய கப்பல்கள் முழுச் சரக்கையும் கொடுக்காமல் விலகிப் போய்விட்டன. சரக்குக்காரர்கள் இங்கிலாந்தில் கியூபா அரசின் வேறொரு கப்பலைக் கைது செய்ய, அதாவது கோர்ட் உத்தரவால் நகரவிடாமல் நிறுத்த வைத்தார்கள். விலக்குரிமை கிடையாது என்று 1981இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

இதெல்லாம் துறைமுகத்தில், கோர்ட் மூலமாக. நடுக்கடலில் ஒரு கப்பல்மேல் அதன் கொடி நாட்டுக்குத்தான், அதாவது அது பதிவான நாட்டுக்குத்தான், அதிகாரம். கடற்கொள்ளை, அடிமை வியாபாரம், கொடியற்ற கப்பல் என்று சில சந்தேகங்களுக்கு மட்டுமே ஏறிப் பார்க்கலாம். பிடிக்காத நாட்டின் எண்ணெய் என்பதற்காக மறித்து இழுத்துப் போவது போர்க்கால வழக்கம். அதை இப்போது நியாயமென்று பேசுவதைக் கேட்டால் எனக்குப் பதறுகிறது. பிழைப்புக்காகக் கப்பலேறிய நம் பிள்ளைகள்தானே நடுவில் சிக்குவார்கள்?

நம்மூர் விஷயத்துக்கு வருகிறேன். ஆம்பூர் ஷூவும் ராணிப்பேட்டைத் தோலும் சென்னைத் துறைமுகம் வழியாகப் போகின்றன. சரக்கு நனைந்து பாழானால், 2017ஆம் வருஷத்துக் கடல்சார் வழக்குச் சட்டப்படி சென்னை ஹைகோர்ட்டில் கப்பலைக் கைது செய்யக் கேட்கலாம். ஆனால் அயல்நாட்டு அரசையே பிரதிவாதியாக்கினால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 86ஆம் பிரிவுப்படி மத்திய அரசின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும். சின்ன ஏற்றுமதியாளர் அதற்காக டெல்லிக்கு எத்தனை தடவை அலைவார்? வியாபார வழக்குகளுக்காவது இந்தத் தடையை எடுத்துவிட வேண்டும். நீ என்ன நினைக்கிறாய், எழுது.

அன்புடன்,
கோபால்