கொசப்பேட்டையில் ஒரு மூக்கு

அன்புள்ள சுதாவுக்கு,

"அங்கே தனியாக என்னம்மா செய்கிறாய், பேசாமல் டொராண்டோவுக்கே வந்துவிடு" என்று மறுபடியும் கேட்டாய். போனில் பதில் சொன்னால் நடுவில் குழந்தை அழும், நீ "அப்புறம் பேசறேன்" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

போன கொலுவில் உங்கள் பாட்டியின் செட்டியார் பொம்மைக்கு மூக்கு உடைந்தது ஞாபகம் இருக்கும். ஒட்டிக்கொடுக்க ஆள் கேட்டேன். மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக் கடைக்காரர், "கொசப்பேட்டைக்குப் போங்கம்மா" என்றார். நீ பிறந்தபோது நாம் குடியிருந்த புரசைவாக்கத்துக்குப் பக்கத்துப் பேட்டை அது. அங்கிருந்து பஸ் ஏறி மயிலாப்பூர் போய்ப் பொம்மை வாங்கிய குடும்பம் நாம்!

விநாயகர் சதுர்த்தி நெருங்கும் சமயம் என்பதால் சந்து முழுக்கப் பிள்ளையார்கள், வண்ணம் பூசாத வெறும் மண் நிறத்தில். அச்சு இரண்டு பாதியாக இருக்கிறது. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் தனித்தனியாகக் களிமண்ணை அழுத்தி எடுத்து, ஒட்டி, விளிம்பைத் தடவி விடுகிறார்கள். அப்புறம் காயவைப்பதுதான் பெரிய பாடு. ஆவணி மாதத்துச் சாயங்கால மழை சொல்லிக்கொண்டா வருகிறது? லேசாக இருட்டினாலே தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வீடே ஓடுகிறது.

ஒரு திண்ணையில் என் வயதுப் பெண்மணி கொலு பொம்மைகளுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். முதலில் வெள்ளை, அதன்மேல் மேனி நிறம், பிறகு புடவை, நகை. கண் மட்டும் கடைசியில். வரிசையாக இருந்த லட்சுமிகளுக்கு அவர் கண் எழுதுவதைப் பார்த்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பு. ஒரே அச்சில் வந்த பொம்மைகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி பார்க்கிறது. நம் செட்டியாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூக்கு வச்சா முகமே மாறிடும்மா, முழுசா எழுதணும்" என்றார். அவர் சொன்ன கூலிக்கு நான் பேரம் பேசவில்லை. நம்ப மாட்டாய், சரி.

அதிலிருந்து எதைப் பார்த்தாலும் இதை யார் செய்தது என்று கேட்கத் தோன்றுகிறது. நான் ஆபீஸ் போன காலமெல்லாம் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்த உழைப்பாளர் சிலை, 1959-இல் வைத்தது. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, நம் ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். பாறையை நெம்பும் அந்த உடம்புகளுக்கு அந்தக் கல்லூரியின் காவலாளி ஒருவரும் மாடலாக நின்றாராம். எனக்குச் சிற்பியைவிட அந்தக் காவலாளியைத்தான் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

அதே கல்லூரிக்குப் பின்னாளில் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர்தான் 1966-இல் தன் மாணவர்களோடு ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை ஆரம்பித்தவர். கையில் காசில்லாமல், மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் பத்திக் துணி செய்து விற்று நிலம் வாங்கியிருக்கிறார்கள். மகாபலிபுரம் போகும்போதெல்லாம் "டாய்லெட் இருக்குமா" என்று மட்டும் நாம் கேட்டுவிட்டுத் தாண்டிப்போன இடம்! அங்கே மியூசியத்தில் பாதிப் படங்கள் எனக்குப் புரியவில்லை. அதனால் என்ன, அவசரமில்லாமல் நின்று பார்த்தேன்.

கண்ணகி நகருக்கும் போனேன். நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா அங்கேதான் இருக்கிறார். நகரத்துக்கு நடுவே குடிசைகளை எடுத்தபோது கொண்டுபோய் விட்ட இடம். 2020 வாக்கில் அந்த அடுக்குமாடிச் சுவர்களில் ஆளுயரத்துக்கும் மேலே பெரிய பெரிய முகங்கள் வரைந்தார்கள். அக்காவின் பெண் முன்பெல்லாம் வேலைக்கு மனு போடும்போது விலாசத்தில் துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதுவாளாம். இப்போது கண்ணகி நகர் என்றே எழுதுகிறாள். படம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், அவளுக்கு வாயும் அதிகம். அக்கா சொன்னது வேறு: "பெயின்ட் அடிச்சாங்க, நல்லா இருக்கு. மாடிப்படிக்கு ஒரு லைட்டும் போட்டிருக்கலாம்."

இன்னும் எழும்பூர் மியூசியம் பாக்கி. வெண்கலச் சிலைகளை ஒரே நாளில் பார்க்க என் முட்டி ஒத்துழைக்காது. ஜனவரியில் மாட வீதிக் கோலப் போட்டிக்கு எதிர்வீட்டு மாமியோடு போவதாகப் பேச்சு. அதனால் டிக்கெட் போடுவதானால் பொங்கலுக்கு அப்புறம் போடு, போக வர இரண்டுக்கும் சேர்த்து. மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன்.

செட்டியார் போட்டோ அனுப்புகிறேன். முன்னைவிடக் கொஞ்சம் முறைக்கிறார்.

அன்புடன்,
அம்மா