கதை சொல்லும் ஆட்டங்கள்

ஐயா,

வீடியோ கேம் விளையாட்டாகுமா என்று கேட்ட தங்கள் தலையங்கம் படித்தேன். 2023-இல் நடந்த ஹாங்சோ ஆசியப் போட்டியிலேயே இ-ஸ்போர்ட்ஸுக்கு, அதாவது போட்டியாக ஆடும் வீடியோ கேம்களுக்கு, பதக்கம் கொடுத்தாயிற்று. சரி, அந்த ஆட்டங்கள் கதையும் சொல்கின்றனவே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? இரண்டு அணிகள் மோதும் டோட்டா 2 என்ற வீடியோ கேமின் 2018 சர்வதேசப் போட்டிக்கு மூன்று மாதம்கூட இல்லாதபோது ஓஜி அணியிலிருந்து முக்கிய வீரர்கள் விலகினார்கள். புது ஆட்களைச் சேர்த்து, யாரும் கலந்துகொள்ளக்கூடிய தகுதிச்சுற்றிலிருந்து ஏறிவந்த அந்த அணி இறுதிப்போட்டியில் 3-2 என்று வென்றது. நான்காவது ஆட்டத்தில் தோல்வியின் விளிம்பிலிருந்து அவர்கள் மீண்டபோது, என் பக்கத்தில் அண்ணன் மகன் தலையணையை இறுக்கிக்கொண்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தான். எந்த எழுத்தாளரும் முன்கூட்டி எழுதிவைக்காத திருப்பம் அது. பரிசுத்தொகையை மட்டும் போடாமல், ஆட்டம் எங்கே திரும்பியது என்பதையும் விளையாட்டுப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்