பள்ளிக்கூடத்தை மூடுறதுக்கு முன்னம் ரீச்சரைத் திருப்பித் தாங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

கல்விச் சீர்திருத்தம் பற்றி கொழும்பில பேசுறதை நாங்களும் பேப்பரில வாசிச்சுக்கொண்டுதான் இருக்கிறம். 2026இல 1ஆம் தரத்துக்கு புதுப் பாடத்திட்டம், 6ஆம் தரத்தை 2027க்கு தள்ளிப் போட்டாச்சு, பாடத்தைச் சின்னச் சின்னப் பகுதியாப் பிரிச்சுப் படிப்பிக்கிற மொடியூல் முறை, சோதனைப் பாரம் குறையும் எண்டெல்லாம் சொல்லினம், பிள்ளையள் பாடமாக்கிக் கக்கிறது குறைஞ்சா சந்தோசம்தான். ஆனா அதோட சேர்ந்து இன்னொரு கதையும் வருது, பிள்ளையள் குறைஞ்ச பள்ளிக்கூடங்களை பக்கத்துப் பள்ளிக்கூடத்தோட சேர்க்கலாமாம். அதுதான் எங்களுக்கு நெஞ்சு பதறுது.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறன். மகள் 3ஆம் தரம், 5ஆம் தரம் வரைக்கும் உள்ள பள்ளிக்கூடம், மொத்தம் 31 பிள்ளையள். 1க்கும் 2க்கும் ஒரே ரீச்சர், நடுவில பழைய அலுமாரி ஒண்டை நிப்பாட்டி மறைச்சுப்போட்டு இந்தப் பக்கம் எழுதக் குடுத்திட்டு அந்தப் பக்கம் போய் வாசிப்பிப்பா. பக்கத்துப் பள்ளிக்கூடம் எண்டு சொல்லுறது 7 கிலோமீற்றர் தள்ளி, அதில பாதிக்கு மேல காடு. காலமை சைக்கிளில போகேக்க ரோட்டில யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தா அண்டைக்கு திரும்பி வாறதுதான், வேற வழியில்லை. காலமை ஒரு பஸ், அதுவும் மாரியில பாலத்துக்கு மேலால தண்ணி பாய்ஞ்சா வராது. 6 வயசுப் பிள்ளையை இந்த ரோட்டால ஆர் அனுப்புவினம்?

பிள்ளையள் ஏன் குறைஞ்சது எண்டு ஆரும் கேக்கினமில்லை. 2009இல சண்டை முடிஞ்ச பிறகு மீளக் குடியேறி வந்த நேரம் இங்க பிள்ளையள் நிறைய. ரீச்சர்மார் யாழ்ப்பாணத்தில இருந்து நாளாந்தம் ஏ9 ரோட்டால பஸ் ஏறி மாங்குளத்தில இறங்கி வரோணும், தங்க குவாட்டர்ஸ் இல்லை, எத்தினை வருசத்துக்கு அப்பிடி ஓடுவினம், அவையைக் குறை சொல்லேலாது. மாற்றம் எடுத்துப் போவினம், வெற்றிடம் அப்பிடியே கிடக்கும், வசதியுள்ள தாய்தகப்பன் பிள்ளையை டவுனில கொண்டுபோய்ச் சேர்ப்பினம். இப்ப எண்ணிப் பாத்திட்டு பிள்ளையள் இல்லை எண்டு சொன்னா என்ன ஞாயம்?

மற்றது, அரச நிறுவனங்களைச் சுருக்கி ஒழுங்குபடுத்தப் போறம் எண்டும் சொல்லினம். நல்லது, அதைக் கட்டாயம் செய்யோணும். போன வருசம் எங்கட பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஒரு ஆசிரியர் கேட்டு கடிதம் குடுத்தது. கோட்டக் கல்வி அலுவலகத்தில குடுக்க, அதுக்கு மேல இருக்கிற வலயக் கல்வி அலுவலகத்துக்கு போகச் சொல்லிச்சினம், வலயத்தில பைலைத் திறந்து பாத்திட்டு உங்களுக்கு ஆள் நிறைவா இருக்கு எண்டிச்சினம், மாகாணத்துக்கு அனுப்பினதுக்கு இண்டைவரைக்கும் பதில் இல்லை. பிறகு விசாரிச்சா பதிவில எங்கட பள்ளிக்கூடத்து ரீச்சரா இருக்கிற ஒராள் இணைப்பில, அதாவது தற்காலிகமா, வேற இடத்தில படிப்பிக்கிறா. பேர் இங்க, ஆள் அங்க. இதைத் தட்டிக் கேக்க எங்களுக்கு ஒரு மாகாண சபை உறுப்பினராவது இருக்கோணுமே, வடமாகாண சபையின்ர காலம் 2018 ஒக்டோபரில முடிஞ்சது, அதுக்குப் பிறகு தேர்தலே வைக்கேல்லை.

சுருக்கிறதெண்டா இந்த மேசை மேசையா அலையுறதைச் சுருக்குங்கோ. இணைப்பில போனவையை திருப்பி எடுக்கிற அதிகாரத்தை வலயப் பணிப்பாளரிட்டயே குடுங்கோ, ஒவ்வொண்டுக்கும் யாழ்ப்பாணம் போய் நிக்கேலாது. பள்ளிக்கூடத்தை சேர்க்கிறதெண்டா தலையை மட்டும் எண்ணாமல் தூரத்தையும் எண்ணுங்கோ, பஸ்ஸை முதல் ஓட விட்டு ஒரு மாரிகாலம் ஒழுங்கா ஓடுதோ எண்டு பாத்திட்டு பிறகு கதையுங்கோ.

வன்னியில எந்தெந்தப் பள்ளிக்கூடத்தைச் சேர்க்கிற யோசினை இருக்கெண்டு தமிழில எழுதி, ஒவ்வொரு அபிவிருத்திச் சங்கத்துக்கும் முடிவெடுக்க முதலே அனுப்போணும். உங்கட பேப்பர் இதைக் கேட்டுப் போட்டா பெரிய உதவி ஐயா.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ஒட்டுசுட்டான்.