அம்மாவுக்குப் பாலத்தைக் காட்டிய தம்பிக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அம்மா தவறியதற்குத் துஷ்டி கேட்க வந்த ஒவ்வொருவரையும் வீடு தேடிப் போய்க் கும்பிட வேண்டும். அதற்கு இன்னும் தெம்பு வரவில்லை, அதனால் இப்போதைக்கு இந்த மடல். என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும், அதைத் திரும்ப எழுத மனசில்லை. டாக்டர்கள் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்ன அன்று நடந்த ஒன்றை மட்டும் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் அது எனக்கும் அக்காவுக்கும் மட்டுமே தெரியும்.

ஆம்புலன்ஸில் செங்கோட்டை வீட்டுக்குத் திரும்பும்போது, புனலூர் தாண்டியதிலிருந்து அம்மா, "பாலம் வந்தாச்சா, பாலம் வந்தாச்சா" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கழுதுருட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற பதிமூன்று கண் ரயில் பாலத்தைத்தான் கேட்கிறாள். 1952-இல் கல்யாணம் முடிந்து புனலூரிலிருந்து கரிவண்டியில் செங்கோட்டைக்கு வந்தபோது அந்தப் பாலத்தில் வைத்துத்தான் தலையை வெளியே நீட்டி, கண்ணில் கரித்தூள் விழுந்து, அப்பா வேட்டி நுனியைச் சுருட்டி வாயால் ஊதி ஊதிக் கண்ணில் ஒத்தடம் கொடுத்தாராம். அதுவரைக்கும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லையாம். பேரப்பிள்ளைகளில் இந்தக் கதையைக் கேட்காத ஆளே கிடையாது. 2010-இல் அகலப்பாதைக்காக அந்த ரயிலை நிறுத்தினபோது எங்களை விட அவள்தான் அதிகம் வருத்தப்பட்டாள், 2018-இல் திரும்ப விட்டதும் பிள்ளைகளை ஜன்னலோரம் உட்காரவைத்துக் கூட்டிப் போய்க் காட்டினாள்.

ஆனால் ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு எதைப் பார்ப்பது? பக்கக் கண்ணாடி முழுக்க வெள்ளை ஸ்டிக்கர். நான், "வரும்மா, வரும்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டி ஓட்டின தம்பி மலையாளி, அம்மா கேட்டது அவர் காதில் விழுந்திருக்கிறது. தென்மலை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டியை ஓரம் கட்டி, பாலம் நேராகத் தெரிகிற மாதிரி திருப்பி நிறுத்தினார். அப்புறம் இறங்கிப் பின்னால் வந்து, அம்மாவின் தலைமாட்டுக்குக் குனிந்து அவள் கண் போகிற உயரத்தைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் ஸ்டிக்கரைச் சாவி முனையால் நெம்பிக் கிளப்பி நகத்தால் உரிக்க ஆரம்பித்தார். சுலபமாக வரவில்லை, துண்டு துண்டாகத்தான் வந்தது. பசை ஒட்டியிருந்த இடத்தைத் துண்டை நனைத்துத் துடைத்தார். உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி தெளிந்தது. ஓனர் ஏசமாட்டாரா என்று அக்கா பதறினதற்கு, "அது ஞான் நோக்கிக்கோளாம் சேச்சி, அம்மச்சி ஒண்ணு காணட்டே" என்றார். அதை நான் பார்த்துக்கிறேன் அக்கா, அம்மா ஒரு தடவை பார்க்கட்டும் என்று அர்த்தம்.

அம்மா பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். "உங்கப்பா ஊதினது இங்கதான்" என்று சொன்னாள். அவள் முழுசாக, தெளிவாகச் சொன்ன கடைசிப் பேச்சு அதுதான்.

வீட்டில் இறக்கிவிட்ட பிறகு பேசின வாடகைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை அந்தத் தம்பி. ஒரு வாய் காப்பி கூடக் குடிக்காமல் போய்விட்டார். இருந்த பதற்றத்தில் பேர் கேட்கவும் தோன்றவில்லை.

மற்றபடி யாரைச் சொல்ல, யாரை விட! ராத்திரி கடையைத் திறந்து ஆக்சிஜன் சிலிண்டர் கொடுத்துவிட்டவர், மழையில் நனைந்துகொண்டு பந்தல் போட்ட பையன்கள், நீர்மாலைச் சடங்குக்கு வந்த பெண்கள், அடுப்பு மூட்டாத வீட்டுக்கு வேளை தவறாமல் தூக்குவாளியில் சோறும் ரசமும் கொண்டுவந்த எங்கள் தெரு, கொல்லத்திலிருந்தும் புனலூரிலிருந்தும் கிடைத்த வண்டியில் ஏறி வந்த சொந்தங்கள் — எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அம்மாவுக்கு 91 வயது. நிறைய இருந்தாள், நிறையப் பார்த்தாள் என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறீர்கள், அது வாஸ்தவம்தான். திருவிதாங்கூர் ராஜா காலத்தில் பிறந்தவள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை இந்தப் பக்கம், தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது பெரியண்ணன் அவள் இடுப்பில் இருந்தானாம். கடைசி வரை தேங்காய் எண்ணெயில்தான் தாளித்தாள். திருவிதாங்கூர் காசுக் கணக்கில் நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய், அப்படியானால் ரூபாய்க்கு எத்தனை சக்கரம் என்று கேட்டுத்தான் பேரன் பேத்திகளுக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுத்தாள். இத்தனையும் பார்த்தவளுக்கு ஆஸ்பத்திரியில் பார்க்கக் கிடைத்தது ஒரு சுவரும் ஒரு ட்யூப் லைட்டும். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை. இனி எங்கள் குடும்பத்தில் யார் படுக்கையில் விழுந்தாலும் கட்டிலை ஜன்னலைப் பார்த்துத்தான் போடுவது என்று நாங்கள் அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் பேசி வைத்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள் காரியம். எல்லோரும் வந்து சாப்பிட்டுப் போக வேண்டும். புனலூர், தென்மலை, ஆரியங்காவு பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பக்கக் கண்ணாடியில் ஓரிடத்தில் மட்டும் ஸ்டிக்கர் உரிந்த ஆம்புலன்ஸ் கண்ணில் பட்டால், அந்தத் தம்பியிடம் செங்கோட்டை அம்மச்சி வீட்டில் தேடுகிறார்கள் என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வர முடியாவிட்டாலும் பரவாயில்லை, என்றைக்கு வந்தாலும் அவருக்கு இங்கே இலை போடுவோம்.