லாகின் வரும்வரை என்ன செய்வது? ஐடி, எச்ஆர் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

ஐடி பிரிவில் இருப்பவர்களுக்கும், எச்ஆர் பிரிவில் இருப்பவர்களுக்கும், இரண்டுக்கும் மேலே இருந்து கையெழுத்துப் போடுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் இரண்டு பிரிவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆள் நான். டீமில் புதிதாக யார் சேர்ந்தாலும், அவரை உட்காரவைத்து, லேப்டாப்பைத் திறந்து, ஒவ்வொரு மென்பொருளிலும் கணக்கு தொடங்க உதவுகிற வேலை எப்படியோ என் தலையில் வந்து விழுந்துவிட்டது. யாரும் முறையாக ஒப்படைக்கவில்லை. என் பணி விவரத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. எந்த அலுவலகத்தை எடுத்துக்கொண்டாலும் இப்படி ஒருவர் இருப்பார். 'அவரைக் கேளுங்க, அவருக்குத்தான் தெரியும்' என்று எல்லோரும் கைகாட்டுகிற ஆள். அவர்கள் சார்பிலும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் நாள் கணக்கு கிடைக்காமல் ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பதை நீங்கள் நேர விரயம் என்று கணக்கு வைக்கிறீர்கள். விரயம்தான். ஆனால் எனக்குக் கவலை வேறு. அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் அவர் பாதுகாப்பு விதிகளை எப்படிச் சுற்றிக்கொண்டு போவது என்று கற்றுக்கொள்கிறார். கற்றுக்கொடுப்பதும் நாமேதான்.

நடப்பதைச் சொல்கிறேன். காலையில் வந்து சேருகிறார். லேப்டாப் தயார், மெயில் தயாரில்லை. மெயில் இருந்தால், ஐடியிடம் உதவி கேட்டுக் கோரிக்கை பதிகிற டிக்கெட் மென்பொருளில் கணக்கு இல்லை. வேலை கொடுக்க வேண்டிய மேனேஜர் மீட்டிங்கில். பக்கத்து சீட்டுக்காரர் நல்ல மனிதர். 'இப்போதைக்கு என் லாகின்ல பாத்துக்கோங்க' என்று பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறார். அந்த இப்போதைக்கு, வாரக்கணக்கில் நீள்கிறது. மதியம் எச்ஆர் அனுப்பும் பாதுகாப்புப் பயிற்சி வீடியோ வருகிறது: பாஸ்வேர்டை யாரிடமும் பகிராதீர்கள். பயிற்சித் தளத்திலும் கணக்கு வராததால், அந்த வீடியோவையே அடுத்தவர் லாகினில் பார்த்து முடித்தவர்களை எனக்குத் தெரியும். கடைசியில் வரும் கேள்விகளில் முழு மதிப்பெண்.

சிரிக்க வேண்டாம். வாடிக்கையாளர் பதிவு ஒன்று தவறுதலாக அழிந்துபோனால், மென்பொருளின் பதிவேட்டில் (லாகில்) நிற்கப் போவது அந்த நல்ல மனிதரின் பெயர். யார் எதைத் தொட்டார்கள் என்று பிறகு பார்ப்பதற்காகத்தானே ஆளுக்கொரு கணக்கு கொடுக்கிறோம்? ஒரே கணக்கில் இரண்டு பேர் உட்கார்ந்த அன்றே அந்தப் பதிவேட்டுக்கு மதிப்புப் போய்விட்டது.

அடுத்து, பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. மெயிலுக்கான தற்காலிக பாஸ்வேர்டை அந்த மெயிலுக்கே அனுப்புகிறீர்கள். லாகின் வேலை செய்யவில்லை என்றால் டிக்கெட் போடச் சொல்கிறீர்கள். டிக்கெட் போட லாகின் வேண்டும். வீட்டிலிருந்து சேருகிறவருக்கு இன்னும் மோசம். வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் கொண்டுபோகும் விபிஎன் இணைந்தால்தான் லேப்டாப் அவரை அடையாளம் காணும், லேப்டாப்புக்குள் நுழைந்தால்தான் விபிஎன்னைத் திறக்க முடியும். இந்த முடிச்சுகளை எல்லாம் நான் அவிழ்ப்பது என் சொந்தக் கணக்கைக் கொண்டுதான்: என் பெயரில் டிக்கெட், என் போனில் ஹெல்ப்டெஸ்க், ஸ்பீக்கரில் போட்டுப் பேச்சு. அப்போது தற்காலிக பாஸ்வேர்டைச் சத்தமாக எழுத்துக் கூட்டிச் சொல்கிறார் உங்கள் ஆள். அதுவும் எப்படிப்பட்ட பாஸ்வேர்டு? நிறுவனத்தின் பெயர், அட் குறி, நடப்பு வருடம். போன மாதம் சேர்ந்தவருக்கும் அதே, அடுத்த மாதம் சேரப்போகிறவருக்கும் அதே.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஊழியர்களின் லாகினைக் கவனிக்கும் மைக்ரோசாஃப்டின் அடையாளச் சேவையான என்ட்ராவில் தற்காலிக அணுகல் அனுமதி என்றே ஒரு வசதி இருக்கிறது. குறித்த நேரத்துக்கு மட்டும் செல்லுபடியாகும். ஒரே ஒரு முறைதான் பயன்படும் என்றும் அமைக்கலாம். அதை வைத்து உள்ளே போய், புதியவர் தன் போனையோ, பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் டிஜிட்டல் சாவியான பாஸ்கீயையோ பதிவு செய்துகொள்ளலாம். பாஸ்வேர்டை யாரும் யாருக்கும் உரக்கச் சொல்ல வேண்டிய தேவையே வராது. வேறு அடையாளச் சேவை வைத்திருப்பவர்கள் அதில் இதற்கு ஈடாக என்ன இருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். வசதி இருந்தும் யாரும் அதை இயக்கிவிடாமல் வைத்திருப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

ஏன் தாமதம் என்று கேட்டால் எச்ஆர் ஐடியைக் காட்டும், ஐடி எச்ஆரைக் காட்டும். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், பெரும்பாலும் இருவர் மீதும் தப்பில்லை. நடுவில் இருக்கிற காகிதத்தில்தான் தப்பு. ஆஃபர் லெட்டரில் கையெழுத்தான அன்றே சேரும் தேதி எச்ஆருக்குத் தெரியும். அது ஐடிக்குப் போவது சேருவதற்கு முதல் நாள் சாயங்காலம், ஒரு எக்செல் இணைப்பாக. எந்தெந்த மென்பொருள் வேண்டும் என்று மேனேஜர் நிரப்ப வேண்டிய பத்தி காலியாக இருக்கும். ஐடி காத்திருக்கும். லைசென்ஸ் தீர்ந்துபோயிருந்தால் வாங்குவதற்குத் தனி அப்ரூவல், அது நிதிப் பிரிவில் தனியாகத் தூங்கும்.

ஒரு இடத்தில் ஆள் பெயரைச் சேர்த்தால் மற்ற மென்பொருள்களில் தானாகவே கணக்கு உருவாகும்படி செய்ய ஸ்கிம் என்ற பொதுத் தரநிலை இருக்கிறது, அதன் 2.0 பதிப்பு 2015லேயே வந்துவிட்டது. இதைச் சொன்னால் 'அந்த வசதி மேல் பிளானில்தான் இருக்கு' என்று பதில் வரும். உண்மைதான். ஒரே லாகினில் எல்லா மென்பொருளுக்குள்ளும் போகவிடும் ஒற்றை உள்நுழைவையும் தானியங்கிக் கணக்கு உருவாக்கத்தையும் விலை கூடிய பிளானுக்குள் பூட்டி வைப்பது மென்பொருள் விற்பவர்களின் பழைய பழக்கம். எல்லாவற்றுக்கும் வாங்க வேண்டாம். ஆனால் எல்லோரும் பயன்படுத்துகிற நாலைந்துக்காவது, கையால் கணக்கு போடும் நேரத்தையும் அந்தக் கூடுதல் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

காலியாக இருக்கும் அந்தப் பத்தியைப் பற்றி இன்னொன்று. அவசரத்தில் மேனேஜர் அதில் எழுதுவது ஒரே வரி: 'இன்னாருக்கு இருக்கிற மாதிரியே இவருக்கும்.' அந்த இன்னார் பல வருடம் பல டீமில் சுற்றியவர். பழைய வேலைக்காக வாங்கிய ஆக்சஸ் எதுவும் அவரிடமிருந்து பிடுங்கப்படவில்லை. சம்பள அறிக்கை வைத்திருக்கும் ஃபோல்டர் உட்பட அத்தனையும், நேற்று சேர்ந்தவருக்கும் போய்விடுகிறது. வேலைக்குத் தேவையான அளவு மட்டும் அனுமதி என்ற கொள்கையை சால்ட்ஸர், ஷ்ரோடர் என்ற இரண்டு கணினி அறிஞர்கள் 1975லேயே எழுதிவைத்துவிட்டார்கள். ஆளைப் பார்த்து நகல் எடுக்காமல், பதவிக்கு ஒரு பட்டியல் போட்டு வைத்தால் போதும். அதை எழுதி முடிக்க ஒரு பிற்பகல் ஆகும்.

பெயர் விஷயமும் இருக்கிறது. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து இரண்டையும் கட்டாயமாக்கிவிடுகிறீர்கள். ஒற்றைப் பெயர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? ஒன்றில் பெயர், இன்னொன்றில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி மெயில் முகவரி வரை போய் உட்கார்ந்துகொள்கிறது. முகவரி ஒருமுறை உருவாகிவிட்டால் அதன் மேல்தான் மற்ற எல்லாக் கணக்கும் நிற்கும்; பின்னால் திருத்துவது பெரிய தலைவலி. கணக்கு உருவாக்கும் முன் 'உங்கள் பெயர் இப்படித்தான் வர வேண்டுமா?' என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனி போன் விவகாரம், அதாவது பாஸ்வேர்டு போட்ட பிறகு போனிலும் உறுதிசெய்யச் சொல்கிற இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. இதில்தான் அதிக நேரம் போகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் வழிகாட்டியில் 'க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவும்' என்று இருக்கிறது. புதியவர் போனின் கேமராவைத் திறந்து ஸ்கேன் செய்கிறார். நீளமாக ஏதோ ஒரு முகவரி வருகிறது, தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை, இல்லை வேறு ஏதோ செயலி திறக்கிறது. அதற்கான ஆறு இலக்க எண்ணைக் காட்டும் ஆதென்டிகேட்டர் செயலியை முதலில் நிறுவி, அதற்குள் இருக்கும் கூட்டல் குறியைத் தொட்டு, அங்கிருந்துதான் ஸ்கேன் செய்ய வேண்டும் என்று வழிகாட்டியில் எழுதவில்லை. எழுதியவருக்கு அது சொல்லவே தேவையில்லாத விஷயமாகத் தோன்றியிருக்கும். செயலியின் பெயரைத் தேடினால் அதே மாதிரி சின்னத்தோடு வேறு பல செயலிகளும் வரிசையில் நிற்கும். சரியானதற்கு நேரடி இணைப்பு கொடுப்பதற்கு என்ன கஷ்டம்?

சில சமயம் எல்லாம் சரியாகச் செய்தும் ஆறு இலக்க எண்ணை ஏற்காது. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துக் கணக்கே பூட்டிக்கொள்ளும். போனின் கடிகாரத்தைப் பாருங்கள். அந்த எண், ரகசியச் சாவியையும் அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. பொதுவாக 30 நொடிக்கு ஒருமுறை மாறும். கடிகாரத்தை யாராவது கையால் சில நிமிடம் தள்ளி வைத்திருந்தால், போன் சொல்கிற எண் சர்வர் எதிர்பார்க்கிற எண்ணாக இருக்காது. தானியங்கி நேரத்தை இயக்கினால் சரியாகிவிடும். இந்த ஒரு வரி உங்கள் வழிகாட்டியில் இருந்தால் ஹெல்ப்டெஸ்க்குக்கு எத்தனை அழைப்பு குறையும் என்று நீங்களே பாருங்கள். கூடவே, போன் கையில் இல்லாதபோது நுழைய உதவும் மாற்றுக் குறியீடுகளை எங்கே பத்திரப்படுத்துவது, போன் மாற்றினால் முதலில் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். தன் சொந்தப் போனில் அலுவலகச் செயலி வேண்டாம் என்கிறவரை முறைத்துப் பார்க்காமல், அவருக்கு ஒரு யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி கொடுங்கள். போன் அவருடையது.

இதைவிட முக்கியமான ஒன்று. முதல் நாளில் ஒவ்வொரு மென்பொருளிலும் நுழையும்போது போனில் 'அனுமதிக்கவா?' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். மெயிலுக்கு ஒன்று, சாட்டுக்கு ஒன்று, விபிஎன்னுக்கு ஒன்று. புதியவர் மதியத்துக்குள் பார்க்காமலே 'சரி' என்று தட்டப் பழகிவிடுகிறார். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர் இந்தப் பழக்கத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டார். ஒப்பந்த ஊழியர் ஒருவரின் பாஸ்வேர்டு ஏற்கெனவே கசிந்திருந்தது. அதை வைத்து ஊடுருவியவர் மீண்டும் மீண்டும் நுழைய முயன்றார். அந்த ஊழியர் போனுக்கு அனுமதி கேட்டு வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒன்றை அவர் ஏற்றுவிட்டார். ஊபர் தானே வெளியிட்ட விளக்கம் இது. மறு ஆண்டு மே மாதம் முதல் மைக்ரோசாஃப்ட் தன் ஆதென்டிகேட்டரில், திரையில் தெரியும் எண்ணைப் போனில் அடித்தால்தான் அனுமதி என்பதைக் கட்டாயமாக்கியது. அது நல்லது. ஆனால் நாம் கேட்காமல் வரும் கோரிக்கையை மறுத்துவிட்டு உடனே ஐடிக்குச் சொல்ல வேண்டும் என்பதை ஒரு மனிதர் பக்கத்தில் இருந்து சொன்னால்தான் மனதில் நிற்கிறது. வீடியோ சொன்னது நின்று நான் பார்த்ததில்லை.

புதியவர்களைக் குறிவைத்து ஏமாற்றுக்காரர்கள் வருவதற்கும் காரணம் இருக்கிறது. 'நான் ஐடியிலிருந்து பேசுகிறேன், உங்கள் கணக்கை முடித்துக் கொடுக்கிறேன், போனில் வந்த எண்ணைச் சொல்லுங்கள்' என்று ஒருவர் அழைத்தால், நேற்றுச் சேர்ந்தவருக்கு அது பொய் என்று எப்படித் தெரியும்? ஐடியில் யார் யார் என்று அவருக்குத் தெரியாது. அதைவிட, நேற்று நிஜமான ஐடி ஆளே அப்படித்தான் அழைத்துக் கேட்டார்! உங்கள் நடைமுறையும் திருடனின் நடைமுறையும் ஒரே மாதிரி இருந்தால், புதியவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

வேலையை விட்டுப் போகிறவர்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதுவும் இதே பட்டியலின் மறுபக்கம்தான். 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் எரிபொருள் குழாயை நிறுத்தவைத்த தாக்குதலில், உள்ளே நுழைந்த வழி பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கு. அதற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் கிடையாது. யாருக்கு என்னென்ன கணக்கு கொடுத்தோம் என்று சேரும் அன்று குறித்து வைக்காத அலுவலகம், போகும் அன்று எதை மூடும்?

நான் கேட்பது பெரிய செலவில்லை. ஆஃபர் கையெழுத்தானதும் டிக்கெட் தானாகவே திறக்கட்டும். மென்பொருள் பத்தியை மேனேஜர் நிரப்பாமல் அது நகரக் கூடாது. சேருவதற்கு இரண்டு நாள் முன்பே, ஐடியில் ஒருவர் அந்தக் கணக்குகள் ஒவ்வொன்றும் இருக்கிறதா என்று பார்த்துவிடட்டும். 'அனுப்பிவிட்டோம்' என்று டிக்கெட்டை மூடாதீர்கள். அவர் உள்ளே நுழைந்த பிறகு மூடுங்கள். மூடிய டிக்கெட்டின் எண்ணிக்கையை வைத்து ஹெல்ப்டெஸ்க்கை மதிப்பிடுகிற மேலதிகாரிகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

கடைசியாக ஒன்று. முதல் நாள் காலை இரண்டு மணி நேரம் புதியவர் பக்கத்தில் யார் உட்காரப் போகிறார் என்பதற்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் வையுங்கள். அதில் ஒரு பெயர் இருக்கட்டும், அந்த இரண்டு மணி நேரம் அவருடைய காலண்டரிலும் இருக்கட்டும், அவருடைய மேனேஜருக்கும் அது தெரியட்டும். என் பெயரையே போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. புதிய படிவத்தின் மாதிரி தயாரானால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். எந்தெந்த மென்பொருள் எந்த வரிசையில் திறக்க வேண்டும் என்று நான் எழுதி வைத்திருக்கும் பட்டியலை அதோடு இணைத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
புதியவர்களுக்குப் பக்கத்து சீட்டில் இருப்பவன்