கேபிளை விடுங்கள், இயர்பேடைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

விலையுயர்ந்த ஹெட்போன்களின் ஒலியை மேம்படுத்துவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, கேபிள் மாற்றுவதை முதல் வேலையாகச் சொல்கிறது. பழுது பார்ப்பவர்களாகிய எங்களுக்கு அது கடைசி வேலை. சென்ஹைசர் நிறுவனத்தின் எச்டி 600, 650, 800 ஹெட்போன்கள் மூன்றின் மின்மறுப்பும் (மின்னோட்டத்துக்குத் தரும் தடை) 300 ஓம். கேபிளின் மின்தடையை 1 ஓம் என்றே வைத்துக்கொண்டாலும், ஒலியளவில் வரும் வித்தியாசம் 0.03 டெசிபல்தான். அது எந்தக் காதுக்கும் எட்டாது. சில அதிர்வெண்களில் 10 ஓமுக்கும் கீழே இறங்கும் பல டிரைவர் (ஒலியெழுப்பும் பகுதி) கொண்ட இயர்போன்களுக்கு மட்டும் கணக்கு வேறு.

நம் ஊர்ப் புழுக்கத்தில் முதலில் கெடுவது இயர்பேட், அதாவது காதைச் சுற்றிப் படியும் மெத்தை. வியர்வையும் ஈரப்பதமும் பாலியூரித்தேன் நுரையைச் சிதைக்கும். செயற்கைத் தோல் செதில் செதிலாக உரியும். நுரை அமுங்கினால் காது டிரைவரை நெருங்கிவிடும், இடையிலுள்ள காற்றறை சுருங்கும், குரல் பகுதியின் சமநிலை மாறும். மூடிய வகை ஹெட்போனில் விளிம்பில் சிறு இடைவெளி விழுந்தாலே ஆழ்ந்த பேஸ் கசிந்துவிடும். அதற்கு மூக்குக்கண்ணாடியின் கம்பியே போதும். அசல் பேடையே வாங்குங்கள். வெல்வெட் பேடுக்காக வடிவமைத்த ஹெட்போனில் தோல் பேடை மாட்டினால், வெல்வெட் உறிஞ்சிய ஒலியைத் தோல் திருப்பி அனுப்பும்; உச்சஸ்தாயியில் மேடுபள்ளங்கள் கூடும்.

உண்மையிலேயே கைவைக்கத் தகுந்த குறை எதுவென்றால், 2009-இல் வந்த எச்டி 800-ஐச் சொல்லலாம். அதன் 56 மி.மீ. வளைய டிரைவர் ஏறத்தாழ 6,000 ஹெர்ட்ஸில் எழுப்பும் மேட்டால், பாடலில் வரும் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகளும் சிம்பலும் காதைக் குத்தும். பின்னர் வந்த எச்டி 800 எஸ்-இல் நிறுவனமே வளையத்தின் நடுவில் ஓர் உறிஞ்சியை வைத்தது. பாட்டில் வாயில் ஊதினால் ஒரே சுருதி எழுவதுபோல, சிறு அறையும் கழுத்தும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் விழுங்கும் அமைப்பு அது. பழைய மாடல் வைத்திருப்பவர்கள் பேடையும் தூசித் திரையையும் கழற்றி, டிரைவரைச் சுற்றியுள்ள வெற்றுப் பரப்பில் 1 முதல் 2 மி.மீ. கனமுள்ள ஃபெல்ட் துணியை வெட்டிப் பொருத்தலாம். வளையத்தை மறைக்கக் கூடாது. இருபக்கத் துண்டுகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒலி ஒரு பக்கம் சாயும். பசை வேண்டாம்: அதன் ஆவியும் சொட்டும் டிரைவருக்கு ஆகாது, பிடிக்காவிட்டால் எடுக்கவும் முடியாது. துணியை அதிகம் திணித்தால் காதுக் குத்தலோடு தெளிவும் போய்விடும்.

அதற்கும் முன்னால், அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்க உதவும், இலவசமாகக் கிடைக்கும் ஈக்வலைசர் ஏபிஓ போன்ற கணினி மென்பொருளில் 6,000 ஹெர்ட்ஸில் 5 டெசிபல் குறைத்து, கியூ அளவை (குறைப்பு எவ்வளவு குறுகலாக இருக்க வேண்டும் என்பதை) 3 என வைத்துக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு இதுவே போதும் என்பது எங்கள் எண்ணம், வாரண்டியும் போகாது. ஃபெல்ட் வைப்பதென்றால் முதலில் ஒரு பக்கம் மட்டும் வைத்து, மோனோ பிங்க் நாய்ஸை (இரு பக்கமும் ஒன்றுபோல ஒலிக்கும் சோதனை இரைச்சல்) இடமும் வலமும் மாற்றிக் கேளுங்கள். சிறு மைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற ஒலி அளவீட்டு மென்பொருளும் இருந்தால், முன்னும் பின்னும் மைக்கை அதே இடத்தில் வைத்து அளக்கலாம். அப்படி வரும் வரைகோட்டில் வித்தியாசத்தை மட்டும் நம்புங்கள், முழு வடிவத்தை அல்ல.

கட்டுரையில் விடுபட்ட ஆபத்து காந்தம். எஃகு இடுக்கியோ திருகோ டிரைவருக்கு அருகே போனால் அதிலுள்ள காந்தத்தால் சட்டென இழுக்கப்பட்டு, அதிர்ந்து ஒலியெழுப்பும் மெல்லிய சவ்வைத் துளைத்துவிடும். பிளாஸ்டிக் இடுக்கிதான் பாதுகாப்பு. தூசியை வாயால் ஊதுவதும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுவதும் சவ்வை மடக்கிவிடும்.

அறுந்த கேபிளை மாற்றியே ஆகவேண்டும் என்றால், சால்டரிங் அயர்னை 350 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்து இரண்டு மூன்று விநாடிக்குள் பற்றவைத்துவிடுங்கள். நேரம் கூடினால் முனையைத் தாங்கும் பிளாஸ்டிக் இளகி, முடி போன்ற மெல்லிய சுருள் கம்பி அறும். முடித்ததும் ஒரு மோனோ பாடலைப் போடுங்கள். குரல் நடுவில் நிற்காமல் சிதறினால், ஒரு பக்கத்து வயர்கள் தலைகீழாகப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன.

இப்படிக்கு,
ஒலிக்கருவி பழுதுநீக்குவோர்,
கோயம்புத்தூர்